சின்னப் பாலம் குடித்த ஆயில்

பேய், செய்வினை, சாமி குற்றம் இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. உங்கள் அம்மா அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தால்கூட, குழம்பு வைத்திருக்கலாமே என்று முணுமுணுக்கிற ஆள் நான், அது உங்களுக்கே தெரியும். பெரியவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். இதை வாசித்ததும் கேஸ்கட் போயிருக்கும் அப்பா என்று சிரிப்பான். கேஸ்கட்டைத்தான் ஐயா நாங்கள் முதலில் பார்த்தோம். நான் எட்டாவது வரை படித்தவன், அழகாக எழுத வராது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, உங்கள் அக்கா வயிற்றில் இருந்த வருடம். செங்கத்தில் ஒரு முதலாளியிடம் டீத்தூள் லைன் பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் என்றால், மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தகரப்பெட்டி கட்டி, டீத்தூளும் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை மேலே இருக்கிற கடைகளுக்குப் போட்டுவிட்டு வருகிற வேலை. வண்டி என் சொந்த வண்டி, நாலு கை மாறி வந்த கறுப்பு வண்டி, அதை நம்பித்தான் முதலாளி எனக்கு லைனைக் கொடுத்திருந்தார். வண்டி நின்றால் லைன் போகும், லைன் போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அவ்வளவுதான் எங்கள் வாழ்க்கை.

அந்தக் கோடையில் வண்டியில் ஆயில் குறைய ஆரம்பித்தது. காலையில் எஞ்சினுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தால் கோடு வரைக்கும் ஆயில் நிற்கும். மலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் குச்சியின் நுனி மட்டும் நனைந்திருக்கும். ஒருநாள் ஏற்றத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. முதலாளி கத்தவில்லை, இன்னொரு தடவை இப்படி நின்றால் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மெதுவாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

மெக்கானிக் காதர் பாய் என் கூட்டாளி. அவர் கேஸ்கட்டை மாற்றினார், ஆயில் சீலை மாற்றினார், அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. மலைக்குப் போய்வருகிற ஜீப்காரர்களும் இதே புகாரோடு வந்தார்கள். அந்த வருடம் செங்கத்தில் எல்லா மெக்கானிக்கும் கெட்ட பெயர் வாங்கினார்கள். எனக்கே ஒரு சமயம் பாய் பழைய சீலைப் போட்டு ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகம் வந்தது, அதை என் முகத்தில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, நாளைக்கு நானும் உன்கூட மலைக்கு வருகிறேன் என்றார்.

ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டு எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, அது மேல் முகப்பவுடரைத் தூவிவிட வேண்டும். வண்டி ஓடும்போது முதலில் எந்த இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை. உங்கள் அம்மாவின் பவுடர் டப்பாவையே கவிழ்த்துக் கொட்டினோம், அதற்கு நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக இருந்த எஞ்சினோடு பாயைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் நிறுத்திப் பார்த்தோம். எஞ்சின் வெள்ளையாகவே இருந்தது. பாதி மலை ஏறினதும் ஓடைக்கு மேலே புதிதாக ஒரு சின்னப் பாலம் கட்டியிருந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்தோம், வெள்ளை. தாண்டி அந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்தால் எஞ்சினின் அடிவயிறு முழுக்கக் கறுப்பு. ஒரு இடத்தில் ஆரம்பித்து வழிந்தது மாதிரி இல்லை. உடம்பு வியர்ப்பது போல எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பூத்திருந்தது, இங்கேதான் என்று விரல் வைக்க ஓரிடம் இல்லை. குச்சியை எடுத்தேன், பாதிக்கு மேல் போயிருந்தது. சரி, அவ்வளவு ஆயில் ரோட்டில் கொட்டியிருக்க வேண்டுமே, பாலத்தின் மேலே நடந்து பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. பட்டப்பகல், சித்திரை மாத வெயில், மண் பொரிந்துபோய்க் கிடக்கிறது.

பாய் ஓடைக்குள் இறங்கினார். தண்ணீர் வற்றிக் கிடந்தது. பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நைனா, எறங்கி வந்து பாரு. எண்ண எங்க போவுதுன்னு தெரிஞ்சிச்சு."

பாலத்துக்கு மூடாக வரிசையாகப் பலகைக்கல் பரப்பியிருந்தார்கள். நடுக்கல்லின் அடிப்பக்கத்தில் ஓர் ஆள் செதுக்கியிருந்தது, ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, முகம் கீழே பார்த்தபடி. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள், எண்ணெய் தேய்த்துப் பொட்டு வைப்பார்கள். யாரோ அதைப் பிடுங்கி வந்து குப்புறப் போட்டுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆளின் முகம், மார்பு, கத்தி எல்லாம் கறுகறுவென்று ஆயிலில் பளபளத்தது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். என் எஞ்சின் ஆயில்தான், இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்துக் கல் இரண்டும் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தன.

கரையில் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைமேல் மேலூர்க் கடையில் பார்த்த முகம், வெள்ளச்சி என்று பெயர், நாற்பது வயது இருக்கும். விவரத்தை அவர்தான் சொன்னார். காண்ட்ராக்டர் தனகோபாலுக்குப் பாலம் சீக்கிரம் முடிய வேண்டும், அளவான கல் கிடைக்கவில்லை, ஊருக்கு வெளியே நின்ற வேடியப்பனைப் பெயர்க்க ஆள் அனுப்பினார். கல்லுக்குப் பூசை செய்கிறவர் வெள்ளச்சியின் வீட்டுக்காரர் காளி, அவர் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருக்கிறார். மறுநாள் அவர் கொட்டகையில் சந்தனக்கட்டை இருந்ததாகக் கேஸ் ஆயிற்று. கட்டையை வைத்தது யாரென்று ஊருக்கே தெரியும். காளி உள்ளே போய்விட்டு வந்து அதிக நாள் இருக்கவில்லை, செத்துப்போனார். இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை, குரல்கூட ஏறவில்லை.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, நம்பாதவன் கும்பிடுகிறேனே என்று, ஆனால் லைன் போய்விடுமே. "அக்கா, பூசை செய்யற குடும்பம் நீங்க. நீங்க எண்ண ஊத்துனா நின்னுடும் இல்ல? எண்ண நான் வாங்கியாந்து தர்றேன்."

"நான் ஏன் ஊத்தணும்?" என்றார்.

"பொழப்பு போவுது அக்கா. வூட்ல புள்ளத்தாச்சி கீறா."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, ஆனால் போதவில்லை.

"ஒன் பேர்ல அவனுக்குக் கோவம் இல்லப்பா. கல்லு நட்டவன் தன் கையால மொத எண்ண வெக்கணும். அப்பதான் நட்டவன் யாருன்னு கல்லுக்குத் தெரியும். இவன் நட்டான், எண்ண வெக்கல. அது தெரியாம போறவன் வர்றவன் கிட்ட எல்லாம் எடுத்துப் பாக்குது. அந்த ஆளு வந்து தன் கையால வெக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒரு சொட்டு ஊத்தமாட்டேன். எவன் வண்டி நின்னாலும் சரி."

திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைத் தாண்டினோம். அப்படியும் குறைந்தது. அடுத்த முறை போகும்போது நானே விளக்கெண்ணெய் வாங்கிப்போய் அந்தக் கல்லில் தேய்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எண்ணெய் கல்லில் ஒட்டவே இல்லை, உருண்டு உருண்டு மணலில் விழுந்தது. கல் துடைத்த மாதிரி இருந்தது.

வேறு வழி தெரியாமல் தனகோபால் வீட்டுக்குப் போனேன். கல்லை மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தன் சம்சாரத்தைக் கூப்பிட்டு, இந்த ஆள் வண்டியில் ஆயிலைப் பாலம் குடிக்கிறதாம், காபி கொடு, என்றார். ஆனாலும் பில் அளவு எடுக்க மலைக்குப் போகிற வேலை அவருக்கு இருந்தது. நாளைக்கு நீயும் வா, உன் சாமியைப் பார்த்துவிடலாம் என்றார்.

அவர் ஜீப்பில் முன்னால் போனார், தானே ஓட்டிக்கொண்டு. நான் பின்னால் போனேன். ஜீப்பைப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தினார். நானும் பாலத்தின் மேல் நிறுத்தி, இதோ பாருங்கள் என்று குச்சியை உருவினேன். கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். நிறைந்திருந்தது. அத்தனை நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் என் வண்டியில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

தனகோபால் வயிறு குலுங்கச் சிரித்தார். பானெட்டைத் திறந்து ஜீப்பின் குச்சியையும் எடுத்துக் காட்டினார், அதுவும் நிறைவு. கரையில் வெள்ளச்சி அக்கா உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "இன்னாம்மா, ஒன் சாமிக்கு எண்ணதான வேணும்?" என்று கேட்டுக்கொண்டே குச்சியில் இருந்த ஆயிலைக் கையால் வழித்தார். குனிந்து, பாலத்து ஓரத்தில் அந்தக் கல்லின் முனை வெளியே தெரிகிற இடத்தில் அப்பினார். "இந்தா, குடிச்சிட்டுப் போவச் சொல்லு."

ஆயில் கல்லில் நிற்கவே இல்லை. காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் எப்படி இழுக்குமோ அப்படி உள்ளே போய்விட்டது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளச்சி அக்கா எழுந்தார். விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "வெச்சிட்டான்" என்றார்.

மேலே அளவெடுக்கிற வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் ஜீப் இறங்கி வந்தது. நான் கடைகளுக்குப் போட்டுவிட்டு அதற்குச் சற்றுப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். பாலத்தை ஜீப் தாண்டுவதைப் பார்த்தேன். அடுத்த வளைவில் அது திரும்பவில்லை. விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. எஞ்சின் ஆயிலைத்தான் அவர் குச்சி விட்டுப் பார்த்தார். பிரேக் ஆயிலை யார் பார்ப்பார்கள்?

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் அவரை வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. ஜீப்பை மேலே ஏற்றினதும் பிரித்துப் பார்த்தது காதர் பாய்தான். பிரேக் ஆயில் டப்பா காய்ந்து கிடந்தது. ஆனால் குழாய் எங்கும் உடையவில்லை, சக்கரங்களில் ஈரம் இல்லை, ஒரு சொட்டு ஒழுகின அடையாளம் எங்கேயும் இல்லை. பாய் எனக்கு மட்டும் சொன்னார், போலீஸ்காரரிடம் பழைய வண்டி, அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். தப்புச் செய்தவன் மாட்டிக்கொண்டான் என்று ஊரில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், காளியை நினைத்தால் ஆமாம். அந்த ஹாரன் சத்தத்தை நினைத்தால் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே மலைக்காரர்கள் பட்டப்பகலில் கல்லைப் பெயர்த்து எடுத்துப் பழைய இடத்தில் நட்டார்கள், பாலத்தில் வேறு கல் போட்டு மூடினார்கள். ஒரு அதிகாரியும் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளச்சி அக்கா எண்ணெய் வைத்தார். என் வண்டியில் அதற்குப் பிறகு ஆயில் குறைந்ததே இல்லை, லைன் தப்பியது, உங்கள் அக்கா நல்லபடியாகப் பிறந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் எல்லாம் தற்செயல் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

கொஞ்ச மாதம் கழித்துத் தனகோபாலைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அன்னிக்கி மட்டும் ஒன் வண்டில ஏன்யா கொறையல?" விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

கிளம்பும்போது அவர் சம்சாரம் வாசல் வரைக்கும் வந்தார். கையில் அவர் படுக்கிற தலையணையின் உறையைச் சுருட்டி வைத்திருந்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்து அவர் தலைக்கு எண்ணயே வெக்கிறதில்ல. தெனம் காலைல ஒற மாத்தறேன், தெனம் நனைஞ்சி கெடக்குது. டாக்டரு வேர்வன்றாரு. நீங்க வண்டி ஓட்றவரு, இது இன்னா வாடன்னு பாத்துச் சொல்லுங்க."

வாங்கி முகர்ந்தேன். சூடு இன்னும் ஆறவில்லை. அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எத்தனையோ சாயங்காலம் என் கையிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவின வாடை.

"வேர்வதாம்மா" என்று சொல்லி அதை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.