மூன்று நீள விசில்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. நோட்டன் பிரிட்ஜில் ஆற்றை மறித்து உண்டாக்கிய மின்சாரம், கம்பி வழியே மலைக்கு மலை தாவி, கொழும்பில் யார் யார் வீட்டு விளக்கையோ எரியவைக்கப் போனது. கம்பிக்கு நேர் கீழே நாங்கள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் சோறு தின்றோம். ஆனாலும் நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பார் சித்தப்பா. எங்களுக்கு வந்த பங்கு இரைச்சல். ஈரக் காற்று அடிக்கும் நாளில் கம்பிகள் பொழுதெல்லாம் ரீங்காரம் போடும். சித்தப்பாவின் ரேடியோவுக்குள்ளும் அது புகுந்துகொண்டு ஒன்றையும் கேட்கவிடாது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. மின்நிலையத்தில் வயர்காரருக்கு எடுபிடியாக இருந்தார். சண்டைக் காலத்துப் பட்டாள ரேடியோ ஒன்றை மேலுறை இல்லாமல் எங்கிருந்தோ கொண்டுவந்து, பேட்டரியில் ஓட்டினார். ரேடியோவென்றால் பாட்டுக் கேட்கத்தானே என்று லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கேட்டதோ விசில். எந்தெந்த நாட்டிலோ அனுமதி வாங்கியவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ரேடியோ வழியாக நீளமும் குட்டையுமாக விசிலடித்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதிலுக்கு விசிலடிக்கச் சித்தப்பாவுக்கும் ஆசைதான். குடியுரிமை இல்லாதவனுக்கு அந்த அனுமதியை யார் தருவார்கள்? கேட்கலாம், பேசக்கூடாது. லயத்தில் பிறந்தவருக்கு அது ஒன்றும் புதிதல்ல.

இரைச்சலை ஒழிக்க அவர் ஒரு டப்பா செய்தார். புகையிலை டப்பாதான். பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய கம்பிச் சுருள், இரண்டு மூன்று கண்டன்சர், மேலே ஒரு சுவிட்ச். அதை ரேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டுவார். எனக்கு அப்போது எட்டு வயது. லயத்திலேயே கூர்மையான காது என்னுடையதுதான் என்று சொல்லி, ஹெட்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்துப் பரீட்சை பார்ப்பார்.

“மேல தட்டுனா அந்த விசில் மட்டும் வரும், மத்ததெல்லாம் போயிரும். கீழ தட்டுனா மத்ததெல்லாம் வரும், அந்த விசில் மட்டும் போயிரும். ரெண்டும் ஒரே கம்பிதான் பாப்பா. மாத்திக் கோத்திருக்கேன், அவ்வளவுதான்.”

பாட்டுக் கேட்கும்போது நடுவில் விசில் வந்து கெடுத்தால் கீழே தட்டுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

மேலே தட்டும் நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கம்பி ரீங்காரம், பக்கத்து வீட்டுக் காம்பராவின் சண்டை, தகரத்தில் மழை எல்லாம் எங்கோ வடிந்துபோகும். ஒன்றுமில்லாத ஒரு பெரிய இருட்டு. அதற்குள் ஒரே ஒரு விசில், தனியாக. அது இருட்டில் நடந்துபோவது போலவும் நான் பின்னாலேயே போவது போலவும் இருக்கும். சாக்கில் படுத்தபடி அப்படியே தூங்கிவிடுவேன். என் கனவுகளில் பாதி அந்த டப்பாவுக்குள் கண்டவைதான்.

அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். அடுப்பைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய உலகம் அடுப்பும் கொழுந்து மலையும்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழியில் ஒரு சவுக்கு மரம் உண்டு. பிறந்து ஐந்தாம் மாதம் காய்ச்சலில் போன என் தம்பியை அதன் அடியில்தான் புதைத்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் அம்மா சேலை நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கின் கயிறு அவிழ்ந்துவிடும். நின்று, மெதுவாகக் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் இந்தியாவிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. துறையூர்ப் பக்கத்தில் அப்பாவின் பங்கு நிலம் கிடக்கிறது, வந்தால் உழுது சாப்பிடலாம், மாசிக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். அப்பா அன்றைக்கே பாதி இந்தியா போய்விட்டார். நானும்தான். ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். கப்பலில் உட்காரப் புதுப் பாவாடை கேட்டு வைத்தேன்.

அப்பாவுக்கு ஒரே சந்தேகம், கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்பது. பெரியப்பா எல்லாவற்றுக்கும் ‘உண்டு’ என்றுதான் எழுதுவார். சித்தப்பாவின் கூட்டாளி ஒருவன் திருச்சிக்குப் போய் ரேடியோக் கடையில் வேலை பார்த்தான், விசிலடிக்க அனுமதியும் வாங்கியிருந்தான். கடிதம் வர நாளாகும் என்று, அவனே நேரில் போய்ப் பார்த்து ஞாயிறு சாயங்காலங்களில் விசிலில் சொல்வதென்று ஏற்பாடாயிற்று. தண்ணீர் இருந்தால் மூன்று நீள விசில், திரும்பத் திரும்ப. வறண்டிருந்தால் விசிலே அடிக்கமாட்டான்.

“தண்ணி இருந்தா போறோம். இல்லாட்டி இங்கயே கெடக்கோம்” என்றார் அப்பா. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்கு வந்தவர் மாதிரி ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். வாசல் வரை மூடுபனி வந்து நின்றது. நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு காது வைத்திருந்தோம். சுவிட்ச் மேலே இருந்தது. இருட்டு வந்தது. அதற்குள் நீளமாக ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. கொஞ்சம் நின்று, மறுபடியும் மூன்று.

என் மேலெல்லாம் புல்லரித்தது. சித்தப்பா நிமிர்ந்து அடுப்புப் பக்கம் பார்த்தார். அம்மா எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவள் சித்தப்பாவையே பார்த்தாள். சித்தப்பாவின் கை டப்பா மேல் போயிற்று.

“இரைச்சலா இருக்குண்ணே” என்றார்.

“இல்லப்பா, கேட்டுச்சு! மூணும் நீளம்!” என்று கத்தினேன்.

அப்பா ஹெட்போனைப் பிடுங்கி இரண்டு காதிலும் வைத்து அழுத்தினார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரமோ அப்படியே இருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போயிற்று.

“கம்பிச் சத்தந்தான் கேக்குது” என்றார். “கப்பலேறுற ஆசை இவ காதுக்குள்ள விசிலடிக்குது.”

நான் டப்பாவைப் பார்த்தேன். சுவிட்ச் கீழே இருந்தது. பாவம் சித்தப்பா, அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டார். மேலே தள்ளக் கை நீட்டினேன். அதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கோப்பையை எப்போது வைத்தாள், எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. வலிக்கும்படி பிடித்தாள்.

“ஒடச்சிப்புடாத” என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறுகளிலும் இப்படித்தான் நடந்தது. ஹெட்போனை எனக்குத் தருவதை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் தன் காதாலேயே கேட்டார். தன் காதை நம்பாமல் மனிதர் வேறு எதை நம்புவார்? மாசி பிறந்தது. நிலத்தை வேறு ஆள் உழுதான். “தண்ணி இருந்திருந்தா கேட்டிருக்கும்” என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டார். அதை அவர் சொல்லும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, சவுக்கு மரத்தடியில் வழக்கம்போல அம்மாவின் கயிறு அவிழ்ந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“சுவிட்சு கீழ இருந்துச்சும்மா. நீ விட்டிருந்தா நான் மேல தட்டியிருப்பேன்.”

“தெரியும்” என்றாள் அம்மா.

ரேடியோப் பக்கமே வராத அம்மாவுக்குச் சுவிட்சில் மேல் எது கீழ் எது என்றெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் கோபத்தைக்கூட மறந்துவிட்டேன். பெரட்டுக்கு நேரமாகிறது, சீக்கிரம் முடிச்சைப் போடு என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கயிறு ஏன் எப்போதும் அதே இடத்தில் அவிழ்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.