மருந்து விட வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் நெவேனா. டான்யூப் கரையில் ரூசே துறைமுகத்தில் சரக்குச் சீட்டு சரிபார்க்கும் வேலை. கிரேன் இயக்க ஓர் இடம் காலியானது. என் சோடாபுட்டிக் கண்ணாடியோடு அதில் ஏற விடமாட்டார்கள். அதனால்தான் கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளத் துணிந்தேன்.

"முதல் நாள் வீட்டுல உன்கூட ஒரு ஆள் இருக்கணும். யார் இருக்காங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

எனக்கு யாரும் இல்லை. அம்மா இத்தாலியில் வேறு யாருடைய தாயையோ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறாள். நான் இந்தக் குடியிருப்புக்கு வந்து இரண்டு மாதம்தான். ஆள் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாக்கில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

"ஸ்லாவ்கா பேனேவா. எங்க கட்டடத்துலதான் இருக்காங்க."

"கொடுத்து வெச்சவ நீ. என் பக்கத்து வீட்டுக்காரன் விடிய விடிய பாட்டு வெச்சு என் உயிரை வாங்குறான்."

சிகிச்சை பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி, முடி பொசுங்கும் வாடை, அவ்வளவுதான். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். புதுத் தோல் வளரும்வரை அதன் மேல் ஒரு மெல்லிய லென்ஸ்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டு விடணும். என்ன ஆனாலும் கசக்கக் கூடாது," என்றார் டாக்டர். "கசக்கினா அப்புறம் நீ கிரேனையும் பாக்க மாட்ட, என்னையும் பாக்க மாட்ட."

வாடகைக் காரில் தனியாகத்தான் வீடு வந்தேன். ஐந்தாம் மாடி. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டேன். திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அப்போது மதியம் இரண்டு.

நான்கு மணிக்கு மரத்துப்போயிருந்த கண்ணுக்கு உணர்வு திரும்பியது. இமைக்குள் யாரோ கண்ணாடித் தூளைக் கொட்டியதுபோல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. போன் அலறியது. சொட்டு மருந்து நேரம். தடவித் தடவி எழுந்தேன். நாற்காலியில் மோதி விழுந்தேன். மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அதுவரை போக முடியவில்லை. மறுபடி கட்டிலுக்கே வந்து அழுதேன். அழுதால் இன்னும் எரிந்தது.

அப்போதுதான் நடையில் செருப்புச் சத்தம் கேட்டது.

விருந்தாளிகளுக்காக வாசலில் வைத்திருக்கும் துணிச் செருப்பு. இந்த வீட்டில் அதை இதுவரை யாரும் போட்டதில்லை. சரக்... சரக்... என்று இழுபட்டுக்கொண்டே வந்தது.

"யாரு?"

"ஸ்லாவ்கா. நீதானே கூப்பிட்ட."

வயதான குரல். ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். வலியில் வேறெதையும் யோசிக்கவில்லை. லிஃப்ட் கதவு அறையும் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்கும். அன்று அது கேட்கவே இல்லை.

"தலையைச் சாய், பொண்ணே."

"விளக்கைப் போட்டுக்கங்கம்மா. ஸ்விட்ச் கதவுகிட்ட இருக்கு."

"எனக்கு எதுக்கு விளக்கு?"

இமையைப் பிரித்த விரல்கள் ஜில்லென்று இருந்தன. அந்த இருட்டில் ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் விழவில்லை. கண்ணில் விழுந்தது தொண்டைக்கு இறங்கி உப்புக் கரித்தது.

எரிச்சல் தணிந்தது.

"என்ன தெரியுது?" என்றாள்.

"ஒண்ணும் தெரியல. பனி மாதிரி இருக்கு."

"பாத்துச் சொல்லு."

கட்டில் ஓரம் அழுந்தியது. உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சு கேட்கிறதா என்று காது கொடுத்தேன்.

என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

எட்டு மணிக்கு வலது கண்ணில் தாங்க முடியாத அரிப்பு. என்னையறியாமல் கை மேலே போனது. பாதியில் நின்றது.

மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள்.

மற்றக் கையைத் தூக்கினேன். அதையும்...

"விடுங்கம்மா."

விடவில்லை.

"என்ன தெரியுது?"

முகத்துக்கு வெகு அருகில்.

"சொல்லு... என்ன தெரியுது?"

நான் எப்போது தூங்கினேனோ, தெரியாது.

விழித்தபோது வெயில். வலி பாதியாகக் குறைந்திருந்தது. கதவு பூட்டியபடி இருந்தது. சாவி உள்பக்கமே தொங்கியது. அன்றைய சோதனையில் டாக்டர் வேறு சொட்டு மருந்து மாற்றித் தந்தார்; அதைத் தலைமாட்டிலேயே வைத்து நானே விட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவள் வரவில்லை. அடுத்த நாட்களில் சாவைவிட அந்த வெறும் வீட்டுக்குத்தான் பயந்தேன். ஆனாலும், சொன்னால் சிரிப்பீர்கள், நான்கு மணியானால் காது நடைக்கே போனது.

ஐந்தாம் நாள் டாக்டர் லென்ஸை எடுத்தார். சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிசைவரை படித்தேன்.

"அழகா ஆறியிருக்கு. கிரேன் உனக்குத்தான்," என்றார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் முதல் மாடி கோஸ்தா மாமா சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போச்சா? இனிமேலாவது மனுஷங்களைப் பாத்து வணக்கம் சொல்லு."

சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளப் போனேன். கை நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் இறந்தவர் படத்தை அச்சடித்து வாசல் கதவில் ஒட்டுவார்கள். பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். மழையில் கிழியும்வரை அது அங்கேயே இருக்கும். தினம் கடந்து போவோம்; நின்று படிக்க மாட்டோம். பெயர் மட்டும் எப்படியோ மனசில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்லாவ்கா பேனேவா.

படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"இவங்க... எந்த வீடு மாமா?"

"நாலாம் மாடி. உனக்கு நேர் கீழ. பத்து வருஷமாக் கண்ணு தெரியாது, பாவம். மார்ச்ல போயிட்டா. மூணு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சோம். கட்டில்ல உக்காந்தபடியே இருந்தா. கையில சொட்டு மருந்து. அதைக் கண்ணுல விட ஒரு ஆள் இல்ல."

ஐந்து மாடியும் படியில் ஏறினேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். என் மருந்துப் புட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

மூடியைச் சுற்றிய முத்திரை பிரிக்கப்படவே இல்லை.