எழுத்துப்பிழை என்று எழுதினேன்

புரோகிராம் எழுதும்போது நடுநடுவே கமெண்ட் என்று சில வரிகள் எழுதுவோம். கணினி அவற்றைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். படிப்பது மனிதர்கள் மட்டும்தான். இந்தப் பகுதி இதைச் செய்யும், இதைச் செய்யாது என்று பின்னால் வருகிறவருக்கு எழுதி வைக்கிற குறிப்பு அது. அந்தக் குறிப்பு பொய்யாகிப் போனாலும் எந்த வேலையும் நிற்காது. எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் நாகல் நகரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனி, கோப்புகளைச் சேமித்து வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து விற்கிறது. போட்டோ ஸ்டுடியோக்கள், சிறிய ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் வாங்குவார்கள். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தில் கோப்புகளை எழுதுவது, படிப்பது, பெயர் மாற்றுவது ஆகிய பகுதிகள் என் பொறுப்பில் இருந்தன.

கோப்பை எழுதுகிற இடத்துக்கு மேலே நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ‘இது முடிந்து திரும்பும்போது தரவு வட்டில் பத்திரமாக இருக்கும்.’ ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன், அர்த்தம் இதுதான். வட்டு என்றது பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை. எழுதிய நாளில் அது உண்மை. பிறகு பெட்டி மெதுவாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட ஆரம்பித்தார்கள். வட்டில் போய்ச் சேரும்வரை காத்திருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம். அதனால், தரவை, கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில் வைத்துவிட்டு உடனே திரும்பும்படி மாற்றினேன். வட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாக இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். அது தேவைப்படுகிற இடங்களை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தேன். சோதனைகள் தேறின. வேகம் கூடியது என்று பாராட்டும் கிடைத்தது.

மேலே இருந்த அந்த ஒரு வரியை மட்டும் மாற்றவில்லை. மறந்துபோனேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணில் பட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் ஓர் அக்கா எங்கள் குழுவில் சேர்ந்தார். பழனிப் பக்கம் தொப்பம்பட்டிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகளுக்காகப் பதினோரு வருஷம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள். அவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டது எல்லாம் திரையில்தான்.

“பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிக்கறேனுங்க,” என்பார். “எல்லாம் புதுசா இருக்குதுங்க. உங்க பகுதி மட்டுந்தான் படிக்கச் சொகமா இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் மேல என்ன ஏதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்குக் கொடுத்த வேலை, கேமரா அட்டையிலிருந்து படங்களைப் பெட்டிக்குள் ஏற்றுவது. படத்தை முதலில் தற்காலிகப் பெயரில் எழுத வேண்டும். அது வட்டில் சேர்ந்த பிறகு சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு திரையில் பச்சை அடையாளம் காட்ட வேண்டும். பச்சை வந்துவிட்டால் அட்டையை அழித்துவிடலாம் என்று அர்த்தம். அக்கா என் குறிப்பைப் படித்தார். தரவு வட்டில் இருக்கும் என்று அது சொன்னது. தனிக் கட்டளை எதுவும் தேவையில்லை என்று நம்பி மற்றதை எழுதி முடித்தார். அவருடைய வேலையைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது வேறொருவர். அவரும் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் கொடுத்திருப்பார்.

சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் போகாதவரைக்கும் ஒன்றும் ஆகாது.

வத்தலக்குண்டில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து புகார் வந்தபோது எங்கள் குழுத் தலைவர் எனக்குப் போன் செய்தார். “நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு எட்டு நேர்ல பாத்துட்டு வந்துடுங்களேன்.” செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் போனேன்.

ஸ்டுடியோக்காரர் ஐம்பது வயது மனிதர். ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுத்திருக்கிறார். கடைக்கு வந்து ஏற்றியிருக்கிறார். பச்சை வந்திருக்கிறது. சாயங்காலம் இன்னொரு விசேஷம் இருந்ததால் அட்டையை அழித்திருக்கிறார். சற்று நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். படங்களின் பெயர்கள் வரிசையாக, ஒன்றுகூட விடாமல் இருந்தன. எதிரே அளவு என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அட்டையைக் கேட்டேன். அதன்மேல் சாயங்கால விசேஷமும் அதற்கடுத்து இரண்டு விசேஷமும் எடுத்து முடித்திருந்தார்.

கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவரின் மகள். கல்யாணம் முடிந்த பதினைந்தாவது நாள் அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். முப்பதாம் நாளுக்கு போஸ்டர் அடிக்கப் படம் கேட்டு வந்திருந்தார். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“பேரு இருக்குல்லக்கா? அப்ப படமும் உள்ளதான இருக்கும்?”

“செத்த நேரம் பொறுங்க, பாக்குறேன்,” என்றேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் ஒரு மணி நேரம் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார்.

“அப்பாவுக்கு போட்டோவே பிடிக்காது. அன்னைக்குத்தான் அம்புட்டு பேரு சொன்னதுக்காகச் சிரிச்சாரு,” என்றார்.

படம் வராது என்று கடைசியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டுடியோக்காரரிடம், “ஆதார் கார்டுல இருக்கறதப் பெருசு பண்ண முடியுமாண்ணே?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். அக்கா எழுதியதை முதலில் படித்தேன். தனிக் கட்டளை விடுபட்டிருந்தது. எப்படி விட்டார் என்று யோசித்தபடியே என் பகுதிக்குப் போனேன். மேலே அந்த வரி இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததைப் பல தடவை எனக்கு நானே நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். தப்பான குறிப்பைக் கண்டதும் திருத்துவதுதானே முறை? திருத்தினேன். ‘தரவு வட்டில் இருக்கும் என்று உறுதி இல்லை, தனிக் கட்டளை கொடுக்க வேண்டும்’ என்று எழுதினேன். அது சத்தியமான வாக்கியம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தோடும் அது என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த இடத்தில் ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று எழுதினேன். வெறும் குறிப்புகளை மட்டும் மாற்றினால் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது எங்கள் வழக்கம். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் அக்காவைக் கேட்டார். “வட்டுக்கு அனுப்பற கட்டளை ஏன் இல்ல?”

“கோப்பை எழுதற எடத்துக்கு மேலயே எழுதியிருக்குதுங்களே சார். வட்டுல சேர்ந்துருமுன்னு.”

தலைவர் என் பகுதியைத் திரையில் திறந்து எல்லோருக்கும் காட்டினார். “எங்க? உறுதி இல்லன்னு தெளிவா எழுதியிருக்கே.”

அக்காவின் முகம் திரைக்கு அருகே வந்தது. உதடு அசைய அந்த வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். “நான் படிச்சப்ப இப்படி இல்லீங்களே...” என்றார். குரல் இறங்கிப்போயிற்று. என் மைக் அணைந்திருந்தது. விரல் அதன்மேலேயே இருந்தது.

“சரிங்க சார். தப்பாப் படிச்சிருப்பேனுங்க,” என்றார் அக்கா.

அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டார். அதில் என் பேரும் இருந்தது.

அதிலிருந்து நான் ஒரு மாதிரி ஆனேன். என் பகுதியில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே இருக்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, சொல்வதும் செய்வதும் ஒன்றுதானா என்று பார்க்க ஆரம்பித்தேன். கோப்புக்குப் பூட்டு போட்டாயிற்று என்று சொல்லும் இடத்தில் பூட்டு இல்லை. ஒருபோதும் வெற்றுப் பெயர் வராது என்று சொல்லும் இடத்தில் வந்தது. என்னுடையதை முடித்து மற்றவர்களுடையதுக்கும் போனேன். எந்தக் குறிப்பைப் படித்தாலும், யாரோ இதை நம்பி எங்கோ நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். கடைவீதிக்குப் போனால் ‘கடை உண்டு’ என்ற அட்டை மூடிய ஷட்டரில் தொங்கும். அதைக் கழற்றி வைக்க வேண்டும் போலக் கை பரபரக்கும். சாயங்கால அசர் தொழுகையில் நிற்கும்போது, ஓதிக்கொண்டிருக்கும் குர்ஆன் சூராவுக்கு நடுவில் அந்தப் பெண்ணின் குரல் வரும். பேரு இருக்குல்லக்கா? எந்த வரியில் விட்டேன் என்று தெரியாமல் முதலிலிருந்து ஓதுவேன்.

“யாருகிட்டமா பேசுற?” என்று ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். நான் வாய்விட்டுப் பேசியிருக்கிறேன். “தப்பாப் படிக்கல, நீங்க தப்பாப் படிக்கல,” என்று.

ஒரு கூட்டத்தில் தலைவர் என்னைப் புகழ்ந்தார். கமெண்ட் என்றால் இவர் வைத்திருப்பதுபோல வைக்க வேண்டும், எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். திரையில் கை தட்டும் படங்கள் மேலெழும்பின. கேமராவை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, “இந்தா வாரேம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினேன். பழனியில் மாறித் தொப்பம்பட்டி போனேன். முன்கூட்டிப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததைவிட உயரமாக இருந்தார். “ஏனுங்க, இவ்வளவு தூரம்? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பனுங்களே,” என்றார். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். பழனியில் ஒரு கல்லூரியில் கணினி லேபைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். டம்ளரைக் கீழே வைக்காமலேயே நான் சொல்லிவிட்டேன். வரி பொய்யாக இருந்தது, அதை விட்டது நான், திருத்தியது நான், எழுத்துப்பிழை என்று எழுதியது நான்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியுமுங்க.”

“எப்படிக்கா?”

“அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதுமே பழைய மாத்தமெல்லாம் எடுத்துப் பாத்துட்டனுங்க. எல்லாந்தான் அங்க இருக்குதே. யாரு, எத்தனை மணிக்கு மாத்துனாங்கன்னு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். “ஒரு நாள், ரெண்டு நாள்னு பாத்தேன். பொறகு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. மேல எழுதியிருக்கறதைப் படிச்சா போதுமா, உள்ள என்ன இருக்குதுன்னு நான் பாத்திருக்கோணுமில்ல? எறந்துபோன அந்த ஆளோட புள்ளைக்கு நானும்தான பதில் சொல்லோணும்?”

“உங்க மேல தப்பில்லக்கா. என்னை மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சேன்னெல்லாம் எனக்குச் சொல்ல வரலீங்க,” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. “இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? நான் தப்பாப் படிச்சேன்னு அத்தனை பேர் நெனச்சிட்டு இருக்காங்க. அங்க எழுதுங்க.”

பஸ் ஸ்டாப்வரைக்கும் கூட வந்தார். பஸ் வரும்வரை மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை குழு முழுவதற்கும் எழுதினேன். குறிப்பு தவறாக இருந்தது, அவர் படித்தது சரி, சம்பவத்துக்குப் பிறகு நான் அதை மாற்றிவிட்டு எழுத்துப்பிழை என்று மறைத்தேன் என்று எழுதினேன். பழைய வரி எங்கே இருக்கிறது என்றும் காட்டினேன். நான்கு வரிக்கு அரை நாள் ஆனது.

தலைவர் போன் செய்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அந்தம்மா போயிருக்க மாட்டாங்க,” என்றார். “ஆமா சார்,” என்றேன். கோப்புப் பகுதியை என் பொறுப்பிலிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். இப்போது நான் எழுதும் குறிப்பைக்கூட இன்னொருவர் படித்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்க்க முடியும். தலைவர் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். லேப் வேலையை விட்டு வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

குழுவுக்கு எழுதியதை அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டார் என்று இரண்டு டிக்கும் நீலமாயின. இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை.

கடைசியாக ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தேன். தப்பு பெட்டியில்தான், அதுவும் நான் செய்ததால் வந்தது என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடம் நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“அட விடுங்கம்மா. கார்டை அழிச்சது நாந்தான?” என்றார்.

“பச்சை காட்டினதுக்கு அப்புறம்தானண்ணே அழிச்சீங்க. அதுதான முறை.”

“முறைதான். ஆனா வேற கார்டு ஒண்ணு பையிலயே இருந்துச்சு. அதைப் போட்டிருக்கலாம்.” வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டு வந்தது. “அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லல. தினம் இந்த வழியாத்தான் வேலைக்குப் போகுது. முன்னாடியெல்லாம் அண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகும். இப்ப ரோட்டுக்கு எதிர்த்த சாரியில நடந்து போயிருது.”

வரட்டுமா என்று நான் மறுபடி கேட்கவில்லை.