பலமான குதிரை

ஹண்டிகப் ஓட்டம் என்றால் நொண்டிக் குதிரைகளின் ஓட்டம் என்றுதான் என் தம்பி நினைத்திருந்தான். மல்வேர்னில் எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில், சக்கர நாற்காலிப் படத்தின் கீழே அந்தச் சொல் இருந்தது.

தொண்ணூறுகளில் நான் காசு கட்டிக் கனடாவுக்கு எடுத்த தம்பி அவன். ஞாயிற்றுக்கிழமைகளில், திரையில் குதிரைப் பந்தயம் காட்டிக் காசு கட்டவிடும் கடைக்குக் கூட்டிப்போவேன். மழையிலும் பனியிலும் திரையில் குதிரைகள் மணல் தடத்தில் ஓடும். வெல்லப்போவதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்வதால் அங்கே எனக்குக் ‘குதிரைச் சாத்திரி’ என்று பெயர்.

“உது நொண்டியில்லையடா. வெண்ட குதிரைக்கு அடுத்தமுறை பாரத்தைக் கூட்டுவாங்கள், எல்லாம் சமனா ஓடவேணுமெண்டு. அது எவ்வளவு தாங்குமெண்டு பாத்துத்தான் நான் சொல்லுறனான்.”

“வெண்டதுக்குத் தண்டனையோ அண்ணை?”

“தண்டனையில்லை, நியாயம்,” என்றேன் பெருமையாக.

அந்த மாசி மாதம் தொழிற்சாலையில் என்னை வேலையால் நிற்பாட்டினார்கள். அதே கிழமை, கடைசித் தங்கச்சியைக் கனடாவுக்கு எடுக்கும் கதை வந்தது. மார்க்கம் நகரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள்.

“இந்தமுறை செலவை நீங்கள் ஆரும் பாருங்கோவன். எனக்கு வேலையில்லை,” என்றேன்.

தம்பி சிரித்தான். “அண்ணை பலமான குதிரை. அவர் தாங்குவார். தண்டனையில்லை, நியாயம்!”

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நானும் சிரித்தேன்.

தோற்ற குதிரைக்குப் பாரத்தைக் குறைப்பார்கள். அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.