நூல் கட்டின புல்

ஒலக்கூர் பக்கம் ஒருவர் நிலத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கெல்லாம் செல்போன் வந்த புதிது. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். பூச்சிப் படிப்பு. வரப்புப் புல்லில் ஏழு இலை குழல் போலச் சுருண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டினார்.

“உள்ள புழு இருக்குதுண்ணா. பட்டாம்பூச்சியா வெளிய வர்றத நான் பார்த்து எழுதணும். போன வருஷம் கோட்டை விட்டுட்டேன். இதுவும் போச்சுன்னா என் படிப்பே போச்சு.”

பூச்சியின் பேரும் சொன்னார். வாயில் நிற்கவில்லை.

“பார்த்துக்கறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஆடு, மாடு, மல்லாட்டைக்குக் களை எடுக்க வந்தவர்கள், எல்லாரையும் விரட்டினேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நாலாம் நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால் வரப்பு மொட்டை. வீட்டுக்கு ஓடினேன். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

“நல்ல புல்லா பார்த்து எனக்கு அடையாளம் வச்சிருக்கன்னு நெனச்சேன்யா” என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமாகி நான் அவளுக்குச் செய்த முதல் நல்லது அதுதான் போலிருந்தது.

மறுநாள் மேடம் வருகிறார். நெல்லில் சுருண்ட இலை நிறைய இருந்தது. ஏழு பறித்து, அறுத்த புல்லின் அடிக்கட்டையில் வைத்து நூல் கட்டினேன்.

மேடம் ஒன்றைப் பிரித்தார். உள்ளே முழுக்கப் புழுக்கை.

“இது வேற புழுண்ணா. என்னுது வீட்டுக்குள்ள அசிங்கம் வச்சிக்காது. வெளிக்குப் போன உடனே பின்னாலயே எத்தி, தூரமா அடிச்சிடும்.”

கூழ் கொண்டுவந்திருந்த மனைவி என்னைப் பார்த்தாள். “ஒரு புழுவுக்கு இருக்கிற சுத்தம்...” என்றாள்.

“மாடு தின்னுடுச்சு மேடம்” என்றேன்.

மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

“அய்ய, இதுக்குப் போயி ஏன்மா பேஜாராவுற? தெனம் புல்லு அறுக்கறேன், இந்தச் சுருண்ட எல கையில படுது. தச்சாப்ல இருக்கும். ஏரிக்கரையில எவ்ளோ கீது, வா காட்றேன்.”

மனைவி அரிவாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போனாள். பொழுது சாய்வதற்குள் பதினோரு நூல் கட்டினார்கள். காவலுக்கு மேடம் அவளையே வைத்தார். என்னை யாரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் ஒன்று வெளியே வந்தது. பழுப்பு நிறம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முன் றெக்கையைப் பாதி தூக்கி, பின் றெக்கையைப் படுக்க வைத்து உட்கார்ந்தது. மேடம் மூச்சுவிடாமல் எழுதினார்.

“அவ்ளோதானா?” என்றாள் மனைவி.

அது விருட்டென்று போய்விட்டது. மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் எதற்கென்று தெரியாமல் அழுதாள்.

நான் இன்னும் புல் அறுக்கவில்லை. வீட்டில் மாடு கத்தும். கிளம்பினேன்.