மகளின் கார் இருக்கையும் என் சந்தேகங்களும்

கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி, மகள் பிறந்ததும் ஒரு பேபி சீட் வாங்கி அனுப்பினான். அது வீட்டுக்கு வந்த நாளில்தான் நான் சந்தேகக்காரியானேன். அதற்கு முன்பும் அப்படித்தான் என்பார் என் கணவர்.

எங்கள் வீடு கற்பிட்டியில். உம்மா வீடு புத்தளத்தில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எங்கள் சின்னக் காரில் அங்கே போவோம். மகள் பின்சீட்டில், காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பக்கத்தில் நான்.

அவளுக்கு ஒன்றரை வயதானதும் கதை தொடங்கியது. எங்களோடு இருந்த என் மச்சி, அதாவது கணவரின் தங்கைதான், முதலில் கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"கால் மடங்கிக் கிடக்கு மதினி, பாவம் புள்ள. முன்னுக்குத் திருப்பி வெச்சா என்ன?"

"கால் மடங்கினா ஒண்டும் ஆகாது. முன்னுக்குத் திருப்பி வெச்சிட்டு பிரேக் போட்டா கழுத்துதான் தாங்காது."

சீட்டோடு வந்த புத்தகத்தைப் படம் படமாகப் பார்த்து வைத்திருந்தேன். மகளின் உச்சந்தலைக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் இடையில் இன்னும் இடம் இருந்தது. எடையும் புத்தகத்தில் போட்டிருந்த அளவைத் தாண்டவில்லை. ஆனாலும் நான் இல்லாத நேரம் திருப்பி வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். கார் பெல்ட் சீட்டுக்குள் நுழையும் இடத்தில், பெல்ட்டின் மேல் நீலப் பேனையால் ஒரு கோடு போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. ஒருநாளும் அது நகர்ந்திருக்கவில்லை. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை. திருப்பிவிட்டு, கோடு பார்த்துப் பழையபடி வைக்கிறார்களோ என்று தோன்றியது.

மூன்று வயதை நெருங்கியபோது தலை விளிம்புக்கு வந்துவிட்டது. ஒருநாள் பின்னேரம் கணவர் பெரிய சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதுரங்குளிப் பக்கம், வெளிநாட்டுக் கார்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் ஒருவரிடம் வாங்கியதாம்.

"புதுசு மாதிரியே இரிக்கி, பாரு," என்றார்.

அந்த 'மாதிரி'யில்தான் எனக்கு உறைத்தது. உறையில் சவர்க்கார வாசம். கவிழ்த்துப் பார்த்தேன். செய்த வருடம் இருக்க வேண்டிய ஒட்டுத்தாளைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். உறையைக் கழற்றினேன். பெல்ட் போகும் வழியில் பிளாஸ்டிக் வெள்ளை வெள்ளையாக வெளிறி, மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது.

"இது அடிபட்ட சீட்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அந்த மனிசன் பொய் சொல்ற ஆள் இல்ல."

"அப்ப வாங்க, அவருக்கிட்டயே கேப்பம்."

மறுநாள் மூவரும் போனோம். கடைக்காரர் மரியாதையாக உட்காரக் கதிரை போட்டார். நான் வெடிப்பைக் காட்டினேன்.

"வெயிலுக்கு வந்திருக்கும், தங்கச்சி. அடிபட்டதெண்டா நான் குடுப்பனா?" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். போதும் என்று அதற்கு அர்த்தம். அப்போது கடைக்காரரின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்தார். என் மடியில் இருந்த மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த மகளுக்கா எடுத்தீங்க? நான்தான் உறையைக் கழுவினேன். முன்னுக்கு நசுங்கி வந்துச்சே ஒரு வெள்ளைக் கார், அதுல இருந்தது."

கடைக்காரர் எழுந்துபோய்ப் பணத்தைக் கொண்டுவந்து கணவரின் கையில் வைத்தார். அடுத்த வாரம் கணவர் என்னையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். கடை வாசலிலேயே புதுச் சீட்டைக் காருக்குள் பூட்டி, அடியில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகுதான் வாங்கினோம்.

என் சந்தேகம் ஒருதரம் சரியாகிவிட்டதால் அதற்குக் கொழுப்பு ஏறிவிட்டது. புதுச் சீட்டின் தோள்பட்டிகளை இறுக்கிவிட்டு, விரலால் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ளுவதற்குப் பட்டி அகப்படக் கூடாது. ஆனால் புத்தளம் போய்ச் சேரும்போது தளர்ந்திருக்கும். நான் முன்சீட்டுக்கு மாறியதால், மகளுக்குப் பக்கத்தில் இப்போது உட்காருபவள் மச்சிதான். பிள்ளை அழுதால் மனம் பொறுக்காதவள்.

"நீதான் தளத்துற," என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"அல்லாஹ்வுக்காக, நான் தொடவே இல்ல மதினி." அவள் கண் கலங்கியது. நான் நம்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பாலாவிக்குக் கிட்ட ஒரு கழுதை குறுக்கே வந்து நின்றது. கணவர் பிரேக்கை அழுத்தினார். மகளின் உடம்பு பட்டிக்குள் முன்னால் பாய்ந்து, பிறகு பின்னால் விழுந்தது. அவள் அழக்கூட இல்லை, திகைத்துப்போயிருந்தாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு கணவர் அவளைத் தூக்கினார். முதுகுக்குப் பின்னால் மடித்த துவாய்த் துணி ஒன்று நசுங்கிக் கிடந்தது.

வியர்க்கிறதே என்று வீட்டிலிருந்து புறப்படும்போது நான் வைத்த துவாய். அதன் மேல்தான் பட்டியை இறுக்கியிருந்தேன். ஓட ஓடத் துவாய் அமுங்கும், பட்டி தளரும்.

மச்சி அதைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"மாப்புத் தா புள்ள," என்று மன்னிப்புக் கேட்டேன், ரோட்டோரத்தில் நின்றபடி.

"சரி மதினி. முதல்ல புள்ளய இறுக்கிப் போடுங்க," என்றாள்.

இப்போது மகளுக்கு ஏழு வயது. பூஸ்டர் சீட்டில் இருக்கிறாள். போன மாதம், "எங்கட வகுப்புல ஒருத்தருக்கும் இது இல்ல உம்மா," என்று அடம்பிடித்தாள். அதை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். கார் பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் உரசியது, இடுப்பில் கிடக்க வேண்டியது வயிற்றில் ஏறியது. கண்ணாடியில் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூஸ்டரில் ஏறினாள். அவள் முகத்தில் சிரிப்பு வர, வழியில் உள்ள உப்பளம் தாண்ட வேண்டியிருந்தது.

மச்சி கலியாணம் முடித்துக் குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறாள். அவளுக்கும் இப்போது ஒரு கைப்பிள்ளை. புதுச் சீட் வாங்கியிருக்கிறாளாம், எப்படிப் பூட்டுவது என்று நேற்று போனில் கேட்டாள். எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். பிறகு, "நான் சொன்னேன் எண்டு அப்படியே செய்யாத. சீட்டோட வந்த புத்தகத்தை நீயும் ஒருக்கா பாரு," என்றேன்.

அவள் சிரித்தாள். "புத்தகத்தைப் பாத்துட்டுத்தான் மதினி உங்களுக்கு போன் எடுத்தேன்."