நூற்றிருபது கதவுகள்

பன்னிரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவரை மீட்டரம்மா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. வாசலோரக் குழியின் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, சிலந்தி வலையை விலக்கி, குனிந்து எண்ணைப் படித்து எழுதுவதுதான் வேலை. பல வீடுகளில் மூடியைத் தூக்கவே விடமாட்டார்கள். "போன மாசம் மாதிரியேதாம்மா, சும்மா எழுதிக்கோங்க" என்பார்கள். மீட்டரம்மா சிரித்துக்கொண்டே குனிந்துவிடுவார்.

அவர் கப்பல்காரங்க வீட்டுப் பெண். நாலு தலைமுறைக்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை இறக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் அந்த நகரம் இன்னமும் அப்படித்தான் சொல்கிறது. இத்தனைக்கும் இன்றைக்கு அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல்கூடத் தெரியாது. பேச்சும் படிப்பும் உடுப்பும் ஊரோடு கலந்துவிட்டன. நிறமும் முடியும் குடும்பப் பெயரும் கலக்கவில்லை. மீட்டர் பார்க்க வந்தால் திறக்கிற அதே கதவு, வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் ஒரு சாண் திறந்து நின்றுவிடும். "அடடா, இப்பதான் ஒருத்தர் பேசி முடிச்சிட்டுப் போனார்!"

இந்த 'இப்பதான்' இரண்டு வருஷமாக மீட்டரம்மாவைத் துரத்திக்கொண்டிருந்தது. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். இரண்டு பெண் குழந்தைகள். கூடவே கணவரின் அக்கா. ஐந்து பேரும் கிடங்குத் தெருவில் ஒன்றரை அறையில் இருந்தார்கள். சுவரில் வருஷம் முழுக்க ஈரம் கோத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பி வரும்போது நாத்தனார் சொல்வார்: "நமக்கு முன்னாடியே ஓடி ஓடி வீடு பிடிக்கிறானே, அந்த ஒருத்தன் யாருன்னு கண்டுபிடி. ஊர்ல பாதி வீடு அவன்கிட்டதான் இருக்கு. அவன்கிட்டயே உள்வாடகைக்குக் கேட்டுடலாம்."

பிறகு மீட்டர்கள் எல்லாம் தானாகவே அலுவலகத்துக்கு எண் அனுப்பக் கற்றுக்கொண்டன. மீட்டரம்மாவின் வேலை போனது. அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பஸ் நிலையச் சுவரில் பார்த்தார்.

நேர்காணல் நடத்திய பேராசிரியைக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மேசையில் ஒரு தடித்த அறிக்கை கிடந்தது. அவருடைய துறையின் பெரிய பேராசிரியர் ஏழு வருஷத்துக்கு முன் எழுதியது. நூறு வீட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, "கப்பல்காரங்களுக்கு வீடு தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். தொண்ணூற்றிரண்டு பேர் "தாராளமா" என்றிருக்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் இனப் பாகுபாடு இல்லை, அவர்கள் கிடங்குத் தெருவில் கூட்டமாக இருப்பது அவர்களுடைய விருப்பம் என்று அறிக்கை முடிந்திருந்தது. யார் புகார் கொடுத்தாலும் நகரமன்றம் அந்த அறிக்கையை எடுத்து நீட்டியது.

மீட்டரம்மா கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"வாயால கேட்டா எல்லாருக்கும் போன மாசம் மாதிரிதாங்க. மூடியைத் தூக்கிப் பாக்கணும்."

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கே வந்துடுங்க."

ஆய்வு முறை இதுதான். இரண்டு பெண்கள் தனித்தனியாக, அரை மணி நேர இடைவெளியில், ஒரே வீட்டை வாடகைக்குக் கேட்கப் போகவேண்டும். இனம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இருவருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். மீட்டரம்மாவுக்கு ஜோடியாகக் கிடைத்தவர், மழலையர் பள்ளியில் இருந்து விலகிய ஒரு டீச்சர். ஊர்க்கார வீட்டுப் பெண். இருவருக்கும் வயது நாற்பத்தொன்று. ஒரே மாதிரி பழுப்புப் பை, ஒரே வருமானம், ஒரே முதல் வாக்கியம். அதை ஒரே தொனியில் சொல்ல ஒரு வாரம் பயிற்சி எடுத்தார்கள். டீச்சருக்கு ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. "என் வீட்டுக்காரருக்கு பல்பு மாட்டத் தெரியாது. அவரைப் போய் மெக்கானிக்னு சொல்லச் சொல்றீங்களே!"

யார் முதலில் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்திடும்வரை இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. சோதனைக்குப் போன வீட்டை, கிடைத்தாலும், எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்டரம்மாவின் படிவங்கள் மீட்டர் புத்தகம் போலவே இருந்தன. "11.10. கதவு ஒரு சாண் திறந்தது. வீடு போய்விட்டது என்றார். உள்ளே அழைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவு." அதே வீட்டுக்கு டீச்சர் எழுதியது: "11.45. சமையலறை, மாடி, மோட்டார் எல்லாம் காட்டினார். டீ, பிஸ்கட். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்." கடைசியில் 'உங்கள் உணர்வு' என்று ஒரு கட்டம் இருந்தது. டீச்சர் அதில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார். மீட்டரம்மா ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுவார்.

"எனக்கு டீ குடிச்சுக் குடிச்சு வயிறே ஊதிப்போச்சு" என்றார் டீச்சர் ஒருநாள், படிவம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது.

"எனக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சுபோச்சு" என்றார் மீட்டரம்மா. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளா இருந்தா உடம்பு சரியா இருக்கும்."

முப்பதாவது வீட்டுக்குப் பிறகு டீச்சர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "அவங்க கெட்டவங்களா இருந்தா திட்டிட்டுப் போயிடலாங்க. ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. என் பிள்ளைங்க படிப்பை எல்லாம் அக்கறையா விசாரிக்கிறாங்க. அதான் தாங்கல."

மீட்டரம்மா அவர் மடியில் இருந்த, கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "அழுங்க, அழுங்க. இது நனையாம இருந்தா போதும்."

எழுபத்து மூன்றாவது வீடு ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவருடையது. குலுக்கலில் மீட்டரம்மாதான் முதலில் போனார். கதவு முழுசாகத் திறந்தது. அந்த மனிதர் கண்ணில் மாட்டியிருந்த சின்ன லென்ஸைக் கழற்றாமலே மாடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். மூன்று அறைகள், காய்ந்த சுவர்கள், சமையலறையில் ஆளுயர ஜன்னல். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றால் எதிரே ஒரு பள்ளி மைதானம் தெரிந்தது.

"மாடியில தட்டு முட்டுச் சத்தம் வந்தா எனக்குப் பிடிக்கும். பிள்ளைங்க இருக்கில்ல? எப்ப வர்றீங்க?"

மீட்டரம்மாவுக்கு இரண்டு வருஷமாகக் காதில் விழாத கேள்வி. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். அரை மணி கழித்துப் போன டீச்சரிடம் அவர், "இப்பதாம்மா ஒருத்தங்களுக்குச் சொல்லிட்டேன்" என்று கையை விரித்துவிட்டார். உண்மையான 'இப்பதான்'. படிவத்தில் கையெழுத்திட்டதும் டீச்சர் லாட்டரி விழுந்தவரைப் போல ஓடி வந்தார்.

மறுநாள் பேராசிரியையின் அறையில் இருந்தே மீட்டரம்மா கடிகாரக்காரருக்குப் போன் செய்து வீடு வேண்டாம் என்றார். விதி விதிதான். அன்றைக்கு வீட்டில் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சோம். கிடைச்சதை வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கியே, உனக்கென்ன பைத்தியமா?"

"நான் அந்த வீட்டுக்குப் போயிட்டா, மீதி எழுபத்திரண்டு வீட்டையும் வீடு பிடிக்கத்தான் போட்ட நாடகம்னு சொல்லிடுவாங்க."

நாத்தனார் தட்டைத் தம்பி பக்கம் திரும்ப நகர்த்தினார். "சாப்பிடுடா. மகராசி ஒரு வீட்டை விட்டா, கிடங்குத் தெரு முழுசும் ஒருநாள் வெளிய வரும்." மீட்டரம்மாவுக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை. இரண்டு நாள் அந்த ஜன்னலே கண்ணில் நின்றது. அந்தப் படிவத்தில் மட்டும் உணர்வுக் கட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்த வீட்டை விட மனசு வரவில்லை."

நூற்றிருபது வீடுகள் முடிந்தன. தொண்ணூற்றாறு வீடுகளில் டீச்சரை உள்ளே அழைத்துக் காட்டியிருந்தார்கள். மீட்டரம்மாவை நாற்பத்தொன்றில். டீச்சரைத் திருப்பி அனுப்பி மீட்டரம்மாவுக்குக் கதவு திறந்த வீடுகள் ஆறே ஆறு. அந்த ஆறும் பேராசிரியையின் அறிக்கையில் இருந்தன.

நகரமன்றத்தில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். கிடங்குத் தெருவே திரண்டு வந்திருந்தது. முதல் வரிசையில் பெரிய பேராசிரியர், மடியில் பழைய அறிக்கையோடு. வீட்டுத் தரகர்கள் சங்கத்தின் வக்கீல் எழுந்து, நேராக எழுபத்து மூன்றாவது படிவத்தை எடுத்தார்.

"நூற்றிருபது படிவத்துல ஒண்ணுலதான் உங்க உணர்வை எழுதியிருக்கீங்க. 'இந்த வீட்டை விட மனசு வரவில்லை.' அப்படின்னா நீங்க உங்களுக்காகவே வாடகை வீடு தேடிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாங்க. ரெண்டு வருஷமா."

"யாரும் தரலை?"

"தரலைங்க."

வக்கீல் மன்றத் தலைவியைப் பார்த்துப் புன்னகைத்தார். "அந்தக் கோபத்துல ஊர் மேல பழி போட வந்தவங்களோட படிவத்தை எப்படிங்க நம்புறது?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கணவர் பாதி எழுந்தார். நாத்தனார் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். மீட்டரம்மா வக்கீல் கையில் இருந்த தாளைச் சுட்டிக்காட்டினார்.

"வக்கீல் சார், கையில இருக்கிற படிவத்தை முழுசாப் படிங்க. அந்த வீட்டுக்காரர் எனக்கு வீடு தந்தாரா, இல்லையா?"

வக்கீல் பார்த்தார். "தந்திருக்கார்."

"பழி போடணும்னா அதை நான் ஏங்க எழுதணும்? அந்த வீட்டுக்குக் குடிபோயிருப்பேனே! அங்க இருந்தது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். எனக்கு வீடு தேவைதான். அதுக்காக, தந்தவரைத் தரலைன்னும் எழுதல, தராதவரைத் தந்தார்னும் எழுதல. இதே மாதிரி இன்னும் அஞ்சு வீடு இருக்கு, எண் சொல்றேன், எடுத்துப் பாருங்க." பார்க்காமலே ஐந்து எண்களையும் சொன்னார்.

மன்றத் தலைவி ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார். ஐந்தும் சரியாக இருந்தன. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய பேராசிரியர் எழுந்து, எல்லாப் படிவங்களையும் தான் படிக்கவேண்டும் என்று கேட்டார். மூன்று நாள் துறை நூலகத்தில் உட்கார்ந்து இருநூற்று நாற்பது படிவங்களையும் ஜோடி ஜோடியாக வைத்துப் படித்தார். நாலாம் நாள் மன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. "என் அறிக்கையின் முடிவு தவறு. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதை நான் அளந்தேன். அவர்கள் செய்வதை இவர்கள் அளந்திருக்கிறார்கள். என் அறிக்கையை இனி யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்."

ஒன்பதுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் மன்றத்தில் புது விதி நிறைவேறியது. காலி வீடுகளைத் தரகர்கள் பதிவு செய்யவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும். பொய்க் காரணம் எழுதினால் உரிமம் போகும். மன்ற வாசலில் கிடங்குத் தெருக்காரர்கள் மீட்டரம்மாவைத் தூக்கப் பார்த்தார்கள். "என்னை விடுங்கப்பா, டீச்சரைத் தூக்குங்க, டீ குடிச்சுக் களைச்சிருக்காங்க" என்று தப்பித்துக்கொண்டார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த வருஷம் கிடங்குத் தெருவில் இருந்து முப்பத்தொரு குடும்பங்கள் வெளியே குடிபோயின. மீட்டரம்மாவின் வீடு பத்தொன்பதாவது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். ஆனால் நாத்தனாருக்கு என்று ஒரு தனி அறை இருந்தது. முதல் நாள் அவர் அந்தக் கதவை ஏழெட்டுத் தடவை சும்மா சாத்திச் சாத்தித் திறந்தார்.

ஆய்வு புத்தகமாக வந்தபோது முகப்பில் மூன்று பெயர்கள் இருந்தன. பேராசிரியையின் பெயர், டீச்சரின் பெயர், அதற்கும் மேலே, முதலாவதாக, பெற்றவர்கள் ஆசையாய் வைத்த அந்தப் பெயர். இப்போது அவர் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வுப் பொறுப்பாளர். வேலைவாய்ப்பு, மருத்துவமனை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் அவர் கையில் நடக்கின்றன.

போன மாதம் பெரிய பேராசிரியர் புதிதாக ஒரு கேள்விப் படிவம் தயாரித்து, "பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பியிருந்தார். பதினெட்டுக் கேள்விகள். மீட்டரம்மா பென்சிலை எடுத்துப் பதினொன்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அது மறுபடியும் அவர் மேசைக்கு வந்தது. ஓரத்தில் பெரியவரின் கையெழுத்து: "மீதி ஏழிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருமுறை பார்த்துவிடுங்கள்."